ஐசி எண்களைப் படம் எடுக்காமல் பழைய கணினியைப் பழுதுபார்க்க அனுப்பாதீர்கள்

பழைய கணினிகளைப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் வெளியூர்க்காரர் ஒருவரிடம் கடந்த மார்கழியில் ஒரு பிபிசி மைக்ரோவைக் கொடுத்தேன். 14,500 ரூபாயும், அந்தக் கணினியிலேயே கிடைப்பதற்கு அரிதான ஒரு ஐசியும் (மின்னணுச் சில்லு) போயின. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஏனெனில் புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. நான் ஏமாந்த வழியைப் புரிந்துகொள்ள அவர் பெயர் தேவையும் இல்லை. இதே வழியில் வேறொருவரும் உங்களை ஏமாற்றலாம்.

கணினி என்னுடையது அன்று. எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியேறியிருக்கிறார். 1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது வாங்கப்பட்டவை, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ கணினிகள். அவர் வேலை பார்த்த பள்ளிக்கு வந்தவற்றில் ஒன்றைப் பிற்பாடு கழிவுப் பொருள் ஏலத்தில் அவரே எடுத்துக்கொண்டார். மாடல் பி, 32 கேபி நினைவகம், 6502 செயலி, கூடவே டிஸ்க் இணைப்பும் ஒரு பெட்டி நிறைய ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளும். அந்த ஃபிளாப்பிகளில் மாணவர்களுக்காக அவர் எழுதிய வாய்ப்பாட்டுப் பயிற்சி நிரல்கள் இருக்கின்றன. அவற்றை ஒருமுறை திரையில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழைய கணினிகளைச் சேர்ப்பவன் என்பதால் என்னை அழைத்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய் எடுத்து வந்தேன்.

ஏற்காட்டு ஈரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஆண்டில் பல மாதங்கள் ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வரும் வீட்டில், மர அலமாரிக்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த கணினி அது. மேல்மூடியைத் திறந்தபோது போர்டின் ஓரங்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையைவிட, பவர் சப்ளைப் பெட்டிக்குள் இருக்கும் ரிஃபா நிறுவனத்தின் மஞ்சள் நிறக் கன்டென்சர்கள்தாம் (மின்தேக்கிகள்) ஆபத்தானவை. மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைக்கப்படும் அவற்றின் உள்ளே உலோகப் பூச்சுள்ள காகிதச் சுருள் இருக்கும்; வெளியே கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உறை. ஆண்டுகள் ஆக ஆக உறையில் மயிரிழை விரிசல்கள் விழும், அவற்றின் வழியே ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். பிறகு 230 வோல்ட் கொடுத்தால் சில நிமிடங்களிலோ அரைமணி நேரத்திலோ வெடித்துப் புகையும். பிபிசி மைக்ரோவை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி இது. எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சுவிட்சைப் போடாமல் நேராகப் பழுதுபார்க்க அனுப்பினேன்.

ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். ஐசிகளைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர, சால்டரிங் வைத்துப் பழகியதில்லை. அந்த மனிதரிடம் தொலைபேசியில் பேசியபோது அவர் சொன்னவை ஒவ்வொன்றும் சரியாக இருந்தன: ரிஃபா கன்டென்சர்களை முதலில் மாற்ற வேண்டும், ஐசிகளைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து கால்களைத் துடைத்துத் திரும்பச் செருக வேண்டும், டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் 8271 ஐசியை மட்டும் மிகக் கவனமாகத் தொட வேண்டும், ஏனென்றால் அது இப்போது எளிதில் கிடைப்பதில்லை. எல்லாமே உண்மை. அதிலும் கடைசி உண்மையை அவர் எவ்வளவு அக்கறையோடு சொன்னார் என்பதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

ஆறு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. சுவிட்சைப் போட்டதும் பிபிசி மைக்ரோவுக்கே உரிய அந்த இரட்டை ஒலி, முதலில் தாழ்வாக, பிறகு சற்று உயர்ந்து; திரையில் கணினியின் பெயர், 32கே, பேசிக் மொழி, பிறகு துடிக்கும் குறி. மொத்தம் நாற்பது விநாடி. அதற்குக் கீழே ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்த கணக்கு இருந்தது. அதில் பாதிக்கும் குறையாத தொகை ஒரே வரியில் இருந்தது: 'கன்டென்சர் முழு மாற்றம், 38 எண்ணம்.' கணக்கு எழுதுவதே தொழிலாக இருந்தும், பிபிசி மைக்ரோவின் போர்டில் அப்படி மாற்ற வேண்டிய, வயதானால் கெட்டுப்போகும் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கன்டென்சர்கள் மிகச் சிலவே என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. காணொளி பார்த்த மகிழ்ச்சியில் பணத்தை அனுப்பிவிட்டேன். முறையான ரசீது கேட்கவில்லை.

பார்சல் வந்த அன்று மாலை சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு மேசையில் வைத்துப் பழைய டிவியோடு இணைத்தேன். மேல்மூடியைக் கேட்காமலே பெராக்சைடு போட்டு வெளுத்திருந்தார். மஞ்சள் போன இடமும் போகாத இடமுமாகத் தேமல் போலத் திட்டுத் திட்டாக இருந்தது. அது போகட்டும் என்று சுவிட்சைப் போட்டேன். இரட்டை ஒலி வந்தது. ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து அந்த ஒலியைக் கேட்கச் செய்ய, அணைத்து மறுபடியும் போட்டேன். "அதேதானப்பா, அதேதான்" என்றார். ஃபிளாப்பி டிரைவை இணைத்துப் பட்டியல் காட்டும் கட்டளையைத் தட்டியபோது டிரைவின் விளக்குகூட எரியவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில் கணினியின் இடப்பக்கத்திலிருந்து சோளம் வெடிப்பது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து காற்றுத் துளைகள் வழியாக வெண்பழுப்புப் புகை. மீன் கருகியதும் பிளாஸ்டிக் எரிந்ததும் கலந்த அந்த நாற்றம் இரண்டு நாள் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், புகை வந்துகொண்டிருந்தபோதும் திரையில் எழுத்துகள் ஆடாமல் நின்றன. ரிஃபா வெடித்தால் பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் நாற்பது விநாடிக் காணொளி எதையும் நிரூபிப்பதில்லை.

மறுநாள் அம்மாப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாக டிவி பழுதுபார்க்கும் ஓர் அண்ணனிடம் எடுத்துச் சென்றேன். கணினி என்றதும் முதலில் தயங்கினார்; பவர் சப்ளைப் பெட்டியைக் கழற்றி அவர் முன் வைத்ததும் சிரித்துவிட்டார். "இது பழைய டிவியில் வெடிக்கிற அதே சாமான்தான் தம்பி." உள்ளே இரண்டு மஞ்சள் கன்டென்சர்கள், ஒன்று 0.1, மற்றது 0.01 மைக்ரோ ஃபாரட். பெரியது பிளந்து, உள்ளிருந்த காகிதம் கருகி வெளியே தள்ளியிருந்தது. சிறியதன் உறை முழுவதும் சிலந்தி வலை போல விரிசல். இரண்டுமே தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றவைத்தவை. போர்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வழியாக என்னையும் பார்க்கச் சொன்னார். ஈயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. புதிதாகப் பற்றவைத்திருந்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், சுற்றிலும் பற்றவைக்கப் பயன்படும் ஃபிளக்ஸ் பசையின் தேன்நிறக் கறை இருக்கும். துடைத்திருந்தால் துடைத்த தடமாவது இருக்கும். முதன்மைப் போர்டிலும் அதே நிலைதான். 38 கன்டென்சர்களில் ஒன்றுகூட மாற்றப்படவில்லை.

அவர், மின்சாரம் நுழையும் இடத்தில் போடத் தகுந்தது என்பதைக் காட்டும் எக்ஸ்2 முத்திரை உள்ள இரண்டு புதிய கன்டென்சர்களைப் போட்டு, நேராக மின்சாரம் கொடுக்காமல், கோளாறு இருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் நூறு வாட் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுத்துப் பார்த்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டார். கூலியும் சாமானும் சேர்த்து 260 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

டிரைவ் ஏன் அசையவில்லை என்பது அன்றிரவு தெரிந்தது. கணினியை அனுப்பும் முன் பூஞ்சையைக் காட்டுவதற்காகப் போர்டின் ஒரு மூலையைப் படம் எடுத்து அந்த மனிதருக்கே அனுப்பியிருந்தேன். தற்செயலாக அந்த மூலையில்தான் 8271 இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஐசியின் ஒரு முனையில் பள்ளமாக இருக்கும் வெட்டுக்குறிக்கு அருகில் பள்ளி ஆய்வகத்தில் வைத்த சின்னப் பச்சைப் பெயின்ட் புள்ளி தெரிகிறது. திரும்பி வந்த கணினியிலும் அதே சாக்கெட்டில் ஒரு 8271 இருக்கிறது, புள்ளி இல்லை. கேட்டபோது, சுத்தம் செய்கையில் அழிந்திருக்கும் என்றார். புள்ளி அழியலாம், 8271 என்பதற்குக் கீழே அச்சான தொகுதி எண் துடைத்தால் வேறு எண்ணாக மாறிவிடுமா? எங்கோ செத்துப்போன ஓர் ஐசியைச் செருகிவிட்டு, ஓடிக்கொண்டிருந்ததை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏகார்ன் நிறுவனமே 1985இல் வந்த பி பிளஸ் மாடலில் 8271ஐக் கைவிட்டு 1770 ஐசிக்கு மாறியது. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய 8271க்குச் சேகரிப்பாளர்களிடம் எப்போதும் கிராக்கி உண்டு. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியதும், "சார், நீங்க அனுப்பினதே அதுதான்" என்று ஒரு வரி வந்தது. பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

போர்டின் மற்ற மூலைகளையும் அன்று படம் எடுத்திருந்தால், வேறு எந்தெந்த ஐசி மாறியது என்பதும் தெரிந்திருக்கும். திரைக் காட்சியை உருவாக்கும் வீடியோ யூஎல்ஏ என்ற ஐசி மாறியதா என்ற ஐயம் எனக்கு இன்னும் உண்டு, நிரூபிக்க வழியில்லை. ஆகவே நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், நண்பரே ஆனாலும், சாக்கெட்டில் செருகிய ஒவ்வோர் ஐசியின் முகத்தையும் எண் படிக்கும்படி படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். அந்தப் படங்களை வேலைக்கு முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களிடம் படம் இருக்கிறது என்று தெரிந்தவரின் கை கொஞ்சம் கூசும். கழற்றிய பழைய கன்டென்சர்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மாற்றியிருந்தால் அவை அவரிடம் இருக்கத்தான் வேண்டும். 'குப்பையில் போட்டுவிட்டேன்' என்ற பதிலை ஏற்றுப் பணம் கொடுக்காதீர்கள். காணொளி கேட்டால் ஒரு மணி நேரம் ஓடுவதைக் கேளுங்கள், டிஸ்க் படிப்பதையும் சேர்த்து.

என்னைப் போல் ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல்: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய விவரம், அந்தத் தாள் கணக்கின் படம், இரண்டு 8271 படங்கள், அம்மாப்பேட்டை அண்ணன் எழுதித் தந்த குறிப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். வெடித்த ரிஃபாக்கள் இரண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

ஆசிரியரின் ஃபிளாப்பிகளை இனி அதே கணினியில் படிக்க வேண்டுமானால், 8271 சாக்கெட்டில் பொருந்தும் 1770 மாற்றுப் பலகையும் டிஸ்க்கை இயக்கும் நிரல் பதிந்த அதற்கேற்ற டிஸ்க் ரோம் ஐசியும் வாங்க வேண்டும், சொல்லி வைத்திருக்கிறேன். இதற்கிடையில், வெட்டுக்குறிக்கு அருகில் பச்சைப் புள்ளி உள்ள இன்டெல் 8271 ஒன்றை யாராவது விற்பனைக்கு வைத்திருப்பதைக் கண்டால், வாங்கிவிடாமல், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.