காப்பகமா, பிறந்த வீடா, தனி வாடகை வீடா?

அடி விழும் வீட்டை விட்டு வெளியேற முடிவெடுத்த பெண்ணுக்கு அடுத்த கேள்வி, பிள்ளைகளோடு எங்கே போவது என்பதுதான். மூன்று வழிகளையும் யோசித்து, நீதிமன்ற உத்தரவோடு தனி வாடகை வீட்டுக்குப் போனவள் நான். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பிறந்த வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோறும் பாசமும் உண்டு. ஆனால் கணவர் முதலில் தேடி வருவது அங்கேதான். கொஞ்ச நாளில் "அனுசரிச்சுப் போம்மா" என்ற பேச்சும் தொடங்கிவிடும்.

உயிருக்கு ஆபத்து என்றால் ஒப்பீடெல்லாம் அப்புறம். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள், பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு நடத்தும் சகி மையத்துக்குப் போங்கள். படுக்கை, மருத்துவ உதவி, ஆலோசனை, போலீஸ் புகாருக்குத் துணை எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். அங்கே தங்குவது சில நாட்களுக்குத்தான். அதற்குமேல் என்றால், ஆதரவற்ற பெண்கள் தங்கும் அரசுத் திட்டக் காப்பகமான சக்தி சதன் போன்ற இல்லங்கள். அந்த இல்லங்களில் நான் இருந்ததில்லை, அதனால் அங்குள்ள வாழ்க்கையைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

என்னைத் தடுத்தது ஒன்றே ஒன்று: மகனின் வயது. மகள் தாயோடு தங்கலாம். ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு. தாண்டினால் அவனுக்கு வேறு இல்லம். என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பாவின் கைக்கும் என் முகத்துக்கும் நடுவே வந்து நின்றவன். அவனைத் தனியாக அனுப்பிவிட்டு நானும் மகளும் மட்டும் பத்திரமாக இருப்பதா? வளர்ந்த பையன் உள்ள தாய்மார்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, அதே வீட்டில் நாம் இருக்க, கணவரை வெளியேறச் சொல்வது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் பெண்களை வெளியேற்ற உத்தரவிட முடியாது. மாமியார் அங்கேயேதான் இருப்பார். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. மற்றது, அதே தரத்தில் வேறு வீடு அல்லது அதற்கான வாடகை. நான் கேட்டது இதை.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இந்தச் சட்டத்தின்படி உதவ நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவினார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா இழுக்கும். ஆகவே முதல் நாளே 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். பிள்ளையின் பள்ளிக்கும் உங்கள் வேலையிடத்துக்கும் கணவர் வரக் கூடாது என்பதையும் மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வீடு தேடுவது தனிப் பாடு. "சார் எங்க வேலை பார்க்கிறார்?" என்பதுதான் எல்லா வீட்டுக்காரர்களின் முதல் கேள்வி. கடைசியில் ஓர் அம்மாவிடம் உத்தரவு நகலையே நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தவர், "கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டுடறேன்" என்றார். ஒப்பந்தம் என் பெயரில் மட்டும்.

வாடகை மாதாமாதம் வருமா என்பதுதான் இந்த வழியின் பலவீனம். அதைப் பண நிவாரணத்தோடு சேர்த்துக் கேட்பது நல்லது. அவர் கட்டத் தவறினால் சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே உங்களுக்குத் தருமாறு நிறுவனத்துக்கு நீதிபதி உத்தரவிடலாம். என் கணவருக்கு மாதச் சம்பளம் என்பதால் இது கைகொடுத்தது. சொந்தத் தொழில் செய்பவரிடமோ கூலி வேலை பார்ப்பவரிடமோ வசூலிப்பது கடினம். அப்படியானால் உங்களுக்கென்று ஒரு வருமானம் அமையும்வரை இல்லத்தில் இருப்பதே சரியாக இருக்கும்.