கடைசி ரயில் போய்விட்டால் டோக்கியோ நெட் கஃபேயில் தங்கலாமா?

தங்கலாம். பெண்கள் தனியாகப் போனாலும் தங்கலாம். காட்பாடியில் படிக்கும் என் அக்கா மகளுக்கு ஜப்பானில் வேலை கிடைத்திருக்கிறது. "சித்தி, நீங்க ஒரு ராத்திரி தங்கினீங்களே, அந்த இடம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை பக்கமிருந்து போகிற மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கிறேன். வேலையாக டோக்கியோ போனபோது, வாங்குபவர்களோடு சாப்பிட்டு முடிக்கவே நள்ளிரவாகிவிட்டது. அங்கே பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் ரயில் நின்றால் மறுபடி காலை ஐந்து மணி சுமாருக்குத்தான். டாக்சியிலோ இரவு பத்துக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். என் ஹோட்டல் இருந்தது யோகோஹாமாவில். அதனால் உயேனோ ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த நெட் கஃபேக்குப் போனேன்.

சத்துவாச்சாரியில் பார்த்த பிரவுசிங் சென்டரை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நம் ஊரில் கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2011 விதியே இருக்கிறது. அங்கே தடுப்பு ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது, கதவும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரை முழுக்க மெத்தை விரித்த சின்ன அறை. கம்ப்யூட்டர், ஹெட்போன், தலையணை, போர்வை எல்லாம் இருந்தன. காலை நீட்டிப் படுக்க என் உயரத்துக்குச் சரியாக இருந்தது; ஆறடி ஆள் மடங்கித்தான் படுக்க வேண்டும். தடுப்பு கூரை வரை போகாததால் பக்கத்து அறைக் குறட்டை அப்படியே கேட்கும். பூட்டு போட்ட முழு அறைகள் வைத்திருக்கும் கடைகளும் உண்டு. காசு கொஞ்சம் கூடுதலானாலும் முதல் தடவை போகிறவர்கள் அதையே கேளுங்கள்.

பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். டோக்கியோவில் நெட் கஃபேக்கு வருகிறவர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2010 முதல் சட்டம். எனக்கு முன்னால் நின்ற வெளிநாட்டுப் பையன் போனில் பாஸ்போர்ட் படத்தைக் காட்டினான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவுண்டர் தம்பிக்கு ஆங்கிலம் வரவில்லை. ஆனால் இருக்கைகளின் படம் போட்ட அட்டையை எடுத்து வைத்து, பெண்களுக்கு மட்டுமான பகுதியை அவராகவே விரலால் காட்டினார். அந்தப் பகுதிக்குத் தனிக் கதவு, கார்டு வைத்தால்தான் திறக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். உள்ளே போய்ப் படுத்த பிறகு பயம் என்பதே இல்லை.

எட்டு மணி நேரத்துக்கு மொத்தமாக வாங்கும் 'நைட் பேக்' கட்டணம் 2,400 யென், நம் பணத்தில் சுமார் 1,400 ரூபாய். பேக் சொல்லாமல் உட்கார்ந்தால் மீட்டர் போல நிமிடக் கணக்கு ஓடும். பேக் நேரம் முடிந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள், தொகை தானாகக் கூடிக்கொண்டே போகும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷவர் படு சுத்தம், வெந்நீர் தாராளம். டவலுக்கு மட்டும் தனிக் காசு வாங்கினார்கள். காபி, கிரீன் டீ, மெலன் சோடா, சூப் எல்லாம் எத்தனை கப் வேண்டுமானாலும் குடிக்கலாம். சாப்பாடுதான் சிக்கல். அவர்கள் ஊர்க் குழம்பில் மாட்டு, பன்றிக் கொழுப்பு சேர்ந்திருப்பது சகஜம், மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கும். சைவக்காரர்களும் பன்றி தொடாதவர்களும் பையில் மிக்சரோ பிஸ்கட்டோ வைத்துக்கொண்டு போவது நல்லது.

மாங்கா என்கிற படக்கதைப் புத்தகங்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. எல்லாம் ஜப்பானிய மொழியில்தான். படம் பார்த்தே ஒரு பள்ளிக்கூட வாலிபால் கதையைப் பாதி முடித்தேன், அருமையாக இருந்தது.

அறையில் போன் பேசக் கூடாது. அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே இரவு ஒன்பது. அம்மா கூப்பிட்டபோது லிப்ட் பக்கம் போய்த்தான் பேசினேன்.

விடியற்காலையில் கை கழுவும் இடத்தில் ஓர் அம்மாள், பெரிய டிராலி பெட்டியைத் திறந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் வீடு என்று பார்த்ததுமே தெரிந்தது. டோக்கியோ அரசு 2018-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, தங்க வீடில்லாமல் இப்படிப்பட்ட கடைகளில் இரவைக் கழிப்பவர்கள் வார நாட்களில் சுமார் 4,000 பேர் என்கிறது. அவர் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்று தலை குனிந்தார். மனம் மிகவும் கனத்தது. அங்கே தங்கும்போது சத்தம் போடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். யாரோ ஒருவர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவராக அங்கே தூங்கிக்கொண்டிருப்பார்.

குடும்பத்தோடு போகிறவர்கள் நெட் கஃபேயை நம்பிப் போக வேண்டாம். டோக்கியோவில் இரவு 11 மணிக்கு மேல் 18 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விட மாட்டார்கள்.