புகையை வெளியேற்ற 24 வோல்ட் ஜன்னலா, மூன்று ஃபேஸ் ஃபேனா?

திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டுபவர்களும் கோவையில் அபார்ட்மெண்ட் கட்டுபவர்களும் தீயணைப்புப் பம்பு வாங்க நாலு இடத்தில் கொட்டேஷன் கேட்பார்கள். புகை வெளியேற்றம் என்று வந்தால் ஃபேனின் குதிரைத்திறனைப் பார்ப்பதோடு சரி, அதை ஓட்டும் பேனலையும் (கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒயரையும் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. இங்கே தீ என்று சத்தம் கேட்டால் எலக்ட்ரீஷியன் ஓடிப்போய் முதலில் இறக்குவது மெயினைத்தான். அது சரியான காரியமும்கூட. ஆனால் புகை ஃபேனுக்கான லைனையும் அந்த மெயினுக்குப் பின்னால் எடுத்திருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். மெயின் விழுந்த பிறகு எது வேலை செய்யும்? 24 வோல்ட் ஜன்னல், மூன்று ஃபேஸ் ஃபேன் இரண்டையும் நான் எடைபோடுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் 24 வோல்ட் அமைப்பு. கூரையில் உள்ள திறப்பைச் சிறிய மோட்டார் தள்ளித் திறக்கும், சூடான புகை தானாக மேலேறிப் போய்விடும். பேனலுக்குள் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ஐரோப்பியப் பேனல்கள் பேட்டரியிலேயே 72 மணி நேரம் காத்திருப்பது வழக்கம். ஆகவே ஈ.பி.யின் மாதாந்திரப் பராமரிப்பு நாளானாலும், மெயினை இறக்கினாலும் இதற்குக் கவலை இல்லை. மெயின் கேள்வியில் இது சுலபமாகத் தேறிவிடுகிறது.

சிக்கல் ஒயரில் இருக்கிறது. 4 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் பேனலிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால் போய்வரும் 120 மீட்டரில் கிட்டத்தட்ட 5.8 வோல்ட் கரைந்து, மோட்டாருக்கு 18 வோல்ட் சொச்சம்தான் போய்ச் சேரும். அதில் ஜன்னல் பாதியில் நின்றாலும் ஆச்சரியமில்லை. 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 2.2 வோல்ட்டோடு முடிந்துவிடும். 230 வோல்ட் வேலையே பார்த்துப் பழகிய கான்ட்ராக்டர் இந்தக் கணக்கைப் போட மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். அப்புறம் பேட்டரி. தகரக் கூரைக்கு அடியில், சுவர் உச்சியில் பேனலை மாட்டினால் சூட்டிலேயே பேட்டரி செத்துவிடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் சுமார் பாதியாகக் குறையும்.

இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்றைப் பல்லடம், உடுமலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் ஜன்னல் திறந்தால் புகை வெளியே போகாது, உள்ளேதான் திரும்பும். அதைவிடக் கூரைத் திறப்பே நல்லது. சுவரில்தான் வைக்க முடியும் என்றால், காற்றின் திசையைப் பார்த்து எதிர்ப்பக்கத்தை மட்டும் திறக்கும் பேனல் வேண்டும். மழை சென்சார் ஜன்னலை மூடச் சொன்னாலும் தீ சிக்னல் அதை மீற வேண்டும். இந்த முன்னுரிமை பேனலில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபேனுக்குக் காற்றுத் தொந்தரவு குறைவு. அடித்தளக் கார் நிறுத்தத்துக்கு வேறு வழியும் பெரும்பாலும் கிடையாது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு அங்கே தீயின்போது மணிக்கு 12 முறை காற்றை மாற்றச் சொல்கிறது. ஃபேன் 250 டிகிரியில் 120 நிமிடம் தாங்க வேண்டும். ஆனால் ஃபேன் தாங்கினால் போதுமா? மெயினுக்கு முன்னாலேயே பிரித்தெடுத்த தனி லைன், தானாக மாறும் ஜெனரேட்டர், தீ எட்டாத இடத்தில் பேனல், இவ்வளவும் வேண்டும். அதிகக் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே, சாதாரண நாளில் மோட்டாரைக் காப்பாற்றட்டும். தீ சிக்னல் வந்துவிட்டால் மணி அடிப்பதோடு நிற்க வேண்டும், மோட்டாரை நிறுத்தக் கூடாது. மோட்டார் கருகினாலும் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்தால் போதும். தினசரி கார்ப் புகைக்காக வி.எஃப்.டி. (ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சாதனம்) வைத்துக் கரண்ட் மிச்சம் பிடிப்பது நல்லதுதான், ஆனால் அது சின்னக் கோளாறுக்கும் டிரிப் ஆகும் சாதனம். தீயின்போது அதை ஒதுக்கிவிட்டு ஸ்டார்-டெல்டா என்ற சாதாரண ஸ்டார்ட்டரில் ஓட்டும் பைபாஸ் இல்லாத பேனலை நான் வாங்க மாட்டேன்.

ஒயர் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே நோய். எஃப்.ஆர்.எல்.எஸ். ஒயர் போட்டாச்சு என்று பெருமையாகச் சொல்வார்கள். அது தீயைப் பரவ விடாது, புகையைக் குறைவாகக் கக்கும், அவ்வளவுதான். தீக்குள் கரண்ட்டைக் கொண்டுபோகும் என்று அது உறுதி சொல்லவில்லை. அதற்குத் தனியாகத் தீ தாங்கும் கேபிள் உண்டு. பி.எஸ். 6387 என்ற பிரிட்டிஷ் தரத்தின் ‘சி’ பிரிவு என்றால் 950 டிகிரியில் 3 மணி நேரம். விலை கூடுதல்தான், இருந்தாலும் ஃபேனில் ஒரு சைஸ் குறைத்தாவது இதை வாங்கலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். பேரம் பேச வேண்டியது ஃபேனின் பிராண்டில், அளவில் இல்லை.

கரண்ட்டே வேண்டாம் என்று சிலர் 68 டிகிரியில் உருகி ஜன்னலைத் திறந்துவிடும் இணைப்பைச் சொல்வார்கள். உயரமான ஷெட்டில் புகை ஆறிப்போய் மேலே சேர்ந்தால் அது உருகவே உருகாது. கேஸ் குப்பியால் திறக்கும் வகையில் ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குப்பி மாட்ட வேண்டும், அதனாலேயே யாரும் சோதிப்பதில்லை. கரண்ட் போனால் ஸ்பிரிங்கில் தானாகத் திறக்கும் வகை காகிதத்தில் பாதுகாப்பானது. மின்தடை நாளில் மழைத்தண்ணீர் துணி ரோல் மேல் கொட்டியதும் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள்.

ஒற்றைத் தள ஷெட்டுக்கு என் தேர்வு கூரையில் 24 வோல்ட், அடித்தளத்துக்கு ஃபேன். நூல் மில்லாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பஞ்சுத் தூசி புகையைக் கண்டறியும் டிடெக்டரில் அடைத்து வீண் அலாரம் வரும், எரிச்சலில் யாராவது சுவிட்சை ‘ஆஃப்’பில் திருப்பிவிட்டுப் போவார்கள். சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இல்லாவிட்டால் விடாமல் கத்தும் பேனலாக வாங்குங்கள். அடுத்த பராமரிப்பு மின்தடை நாளில், ஜெனரேட்டர் ஓடும்போது ஒருமுறை, அதையும் நிறுத்திவிட்டு இன்னொரு முறை, தீ பட்டனை அழுத்திப் பாருங்கள்.