பிஎஸ்6 12 வீல்: நல்ல வண்டி, ஆனால் முதல் வண்டியாக வேண்டாம்

என்னிடம் டிரைவராக இருந்த தம்பி சொந்தமாக லாரி எடுக்கப் போகிறார். "உங்க 12 வீல் எப்படி ஓடுதுங்கண்ணா? அதையே எடுத்துரலாமா?" என்று கேட்டார். போன வாரம்தான் அது சர்வீஸ் முடிந்து வந்தது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. வேறு கம்பெனி பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி வைத்திருக்கும் நாமக்கல், சங்ககிரி ஓனர்களும் நான் இங்கே சொல்வதையேதான் சொல்கிறார்கள்.

இஞ்சின் தங்கம். லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் பக்கம் வருகிறது. தொப்பூர் இறக்கத்தில் கியரைப் போட்டு எக்ஸாஸ்ட் பிரேக்கில் (புகை வெளியேறுவதை அடைத்து வேகம் குறைப்பது) விட்டால், பிரேக் டிரம் காயாமல் கீழே வந்து சேர்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு உயிரை விட்டவர்கள் உண்டு அந்த மலையில். அதனால் இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். டிரைவர்களும் இந்த வண்டியைத்தான் கேட்டு வாங்கி ஓட்டுகிறார்கள்.

அப்புறம் யூரியா. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து ஆட்ப்ளூ (புகையைச் சுத்தமாக்கும் யூரியாக் கரைசல்) ஊற்றாமல் புதுப் பெரிய வண்டி ஓடாது. நூறு லிட்டர் டீசலுக்கு நாலைந்து லிட்டர் போகும், அந்தச் செலவு பரவாயில்லை. அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். தண்ணீர் சரியில்லாத சரக்கை ரோட்டோரக் கடையில் வாங்கி ஊற்றினால் தொலைந்தது. சைலன்சரில் ஆட்ப்ளூ தெளிக்கும் நாசிலைச் சர்வீஸில் கழற்றிக் காட்டினார்கள். வாயைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, துவாரமே தெரியவில்லை. நல்ல சரக்கே ஊற்றினாலும் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் ஒருநாள் போகத்தான் செய்கிறது.

நாசிக்கிலிருந்து வெங்காய லோடு. சோலாப்பூர் தாண்டி விஜயபுரா ரோட்டில் செக் லைட் எரிந்தது, கொஞ்ச தூரத்தில் பவர் குறைந்துவிட்டது. இஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. சென்சார் தப்பாகச் சொல்கிறது, கம்ப்யூட்டர் வண்டியை நடக்க விடுகிறது. லேப்டாப்போடு ஆள் வர மறுநாள் மதியம் ஆனது. தார்ப்பாய்க்கு அடியில் வெங்காயம் வேர்த்துக்கொண்டிருந்தது. அந்த நடையின் லாபம் முழுக்க அந்தச் சென்சாருக்கே போனது.

நான் கிளீனராக வந்து, டிரைவராகி, பழைய வண்டி ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்து மேலே வந்தவன். அது எங்கே நின்றாலும் அடியில் படுத்து, டீசல் லைனில் ஏர் எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளப்பிவிடுவேன். மாசா மாசம் டியூ கட்டியது அந்தக் கைவேலைதான். இந்த வண்டியில் அதற்கு இடமே இல்லை. நாலைந்து வண்டி இருந்தால் ஒன்று நிற்கும்போது மற்றவை சம்பாதித்துவிடும். ஒரே வண்டிக்காரனுக்கு அது நின்றால் வீடே நின்றுவிடும். இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த வண்டியும் இதே மாடல்தான், அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஆனால் தம்பி, நீ 2019 மாடல் பிஎஸ்4 (முந்தைய விதி வண்டி) ஒன்று, ஆட்ப்ளூ தேவைப்படாததாகப் பார். எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும்; அதையும் கணக்கில் வைத்து விலை பேசு. வண்டி பார்க்கப் போகும்போது கூப்பிடு, நானும் வருகிறேன்.