கும்பினிச் சிப்பாயா, சேதுபதி சீமைப் படைவீரனா: இராமநாதபுரக் கரையில் எந்த வேடம் கட்டலாம்?

துப்பாக்கிக் காலத்துப் படைவீரனைப் போல உடுத்தி, அவன் செய்த பயிற்சியையும் போரையும் திடலில் நிகழ்த்திக் காட்டுவது மேற்கு நாடுகளில் நன்றாக வேரூன்றிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 'சீல்டு நாட்' என்ற சங்கம் 1968-இல் தொடங்கி, பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை இன்றும் நடத்திக் காட்டுகிறது. வாட்டர்லூ போரின் இருநூறாம் ஆண்டான 2015-இல் பெல்ஜியத்து வயல்களில் ஆயிரக்கணக்கானோர் சீருடையுடன் கூடினார்கள்.

நம் கரையிலும் கதைக்குப் பஞ்சமில்லை. 1772 ஜூனில் ஜெனரல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. சிறுவராக இருந்த மன்னர் முத்துராமலிங்க சேதுபதியையும் அவருடைய தாயையும் திருச்சிக் கோட்டையில் அடைத்தார்கள். 1799-இல் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூரில் கும்பினிக் கச்சேரியை (அலுவலகத்தை) தாக்கினார். 1801-இல் மருது சகோதரர்களின் போர் இந்தச் சீமையையும் சேர்த்தே உலுக்கியது. ஆகவே வேடம் கட்ட நினைப்பவருக்கு இரண்டு பக்கங்கள் இருக்கின்றன: சிவப்புச் சட்டை போட்ட கும்பினிச் சிப்பாய், அவனை எதிர்த்து நின்ற உள்ளூர்ப் படைவீரன். (கீழக்கரையில் பண்டகசாலை வைத்திருந்த டச்சுக்காரர்களையும் சேர்க்கலாம். ஆனால் கிடங்குக் காவலுக்கு நின்றவனின் வேடத்தில் செய்வதற்கு அதிகம் இல்லை.)

இளைஞர்களைக் கேட்டால் பத்துக்குப் பத்துப் பேரும் மருதுவாகத்தான் ஆசைப்படுவார்கள். எதிரே நிற்க ஆள் இருக்காது. என் ஓட்டு, ஆள்பலம் இருந்தால், சிப்பாய்க்குத்தான். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் உடை. சென்னைப் படையின் சிப்பாய் என்றவுடன் கம்பளிக் கோட்டும் முழங்கால் வரை பூட்ஸும் போட்ட வெள்ளைக்காரன் கண்முன் வந்துவிடுகிறான். உண்மையில் 1770-களின் சிப்பாய் சிவப்பு மேற்சட்டை, தொடை வரை வரும் வெள்ளை அரைக்கால் சட்டை, தலைப்பாகை, காலில் செருப்பு அல்லது வெறுங்கால் என்றுதான் நின்றான். நம் வெயிலுக்கு இது தாங்கும். மேற்சட்டையை மட்டும் அசல் கம்பளித் துணியில் தைக்காமல் கனமான பருத்தியில் தைத்துக்கொள்ளலாம். சுத்தவாதிகள் முகம் சுளிப்பார்கள். அவர்களை ஏப்ரல் மாதம் மண்டபம் ஊர்க் கடற்கரைக்கு அழைத்து ஒரு மணி நேரம் கம்பளியில் நிற்க வைத்தால் சரியாகிவிடும். வெறுங்கால் விஷயத்தில் மட்டும் நான் அசலைக் கைவிடச் சொல்வேன். பயிற்சிக்குத் தோதான கண்மாய்த் தரையெல்லாம் சீமைக் கருவேல முள்.

உள்ளூர்ப் படைவீரனின் உடை மலிவு. வேட்டி, இடுப்புக் கச்சை, தலைத்துண்டு போதும். ஆனால் சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. சிப்பாய் எப்படி இருந்தான் என்பதற்குக் கும்பினியின் ஆணைகளும் ஓவியங்களும் சான்றாக இருக்கின்றன. மறுபக்கத்துச் சாதாரண வீரனுக்கு அப்படி எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்கள் அரிய செல்வம்தான். ஆனால் அவை பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் அரசவையையும் போரையும் காட்டுபவை. இரண்டு தலைமுறை கழித்து முதுகுளத்தூர்ப் பக்கம் ஓடித் திரிந்த கலகக்காரனுக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. அந்த இடைவெளியைக் காலண்டர் படம் நிரப்பிவிடுகிறது. முறுக்கு மீசையும் திறந்த மார்பும் பளபளக்கும் வாளுமாக ஒருவர் வந்து நின்றால் அது நிகழ்த்திக் காட்டல் ஆகாது, ஆண்டு விழா நாடகம்.

ஆயுதத்தில் நிலைமை தலைகீழ். சிப்பாயின் துப்பாக்கி 'பிரவுன் பெஸ்' எனப்பட்ட சக்கிமுக்கித் துப்பாக்கி. கும்பினிக்கென்று செய்த வகையில் குழாய் 39 அங்குலம், எடை ஏறக்குறைய நாலரை கிலோ. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிறிது வெடிமருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டுக் கிண்ணியில் இட்டு மூடி, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கம்பியால் இடித்துக் கெட்டித்து, பிறகு சுட வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது வீண். அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

இதை அசலாகச் செய்ய நம் சட்டம் விடாது. குழாய் வாய் வழியே கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியானாலும், சுடக்கூடியது என்றால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே விலக்கு. கருமருந்துக்கு வெடிபொருள் சட்டம் தனியாக நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தியப் பட்டறைகளில் செய்த பிரவுன் பெஸ் நகல்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதே பொழுதுபோக்குக்காரர்களுக்கு விற்பனையாகின்றன. தீ போகும் துளையைத் துளைக்காமல் கப்பலேற்றுகிறார்கள். அங்கே வாங்குபவர் துளைத்துக்கொள்கிறார். இங்கே நமக்கு மரத் துப்பாக்கிதான் கதி. வள்ளம் கட்டும் ஆசாரியிடம் அளவு கொடுத்தால் நேர்த்தியாகச் செய்து தருவார். கனம் வேண்டும் என்று இரும்புக் குழாய் பொருத்த வேண்டாம். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கட்டைப் பகுதியில் பதித்தால் போதும். உப்புக் காற்றில் துரு பிடிக்கிற தொல்லையும் இல்லை.

உள்ளூர்ப் படைவீரனிடம் வளரி (வீசி எறியும் வளைந்த ஆயுதம்), நீண்ட ஈட்டி, வாள், திரித் துப்பாக்கி எல்லாம் இருந்தன. வளரி மட்டும் வைத்துக்கொண்டு பீரங்கியை எதிர்த்தார்கள் என்று மேடையில் முழங்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களுக்கும் துப்பாக்கி தெரியும். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். இந்த ஆயுதங்களில் பலவற்றை இன்றும் கற்க முடியும் என்பதுதான் இந்தப் பக்கத்தின் பெரிய பலம். மாவட்டத்தில் சிலம்ப ஆசான்கள் இருக்கிறார்கள். ஒருவரோ இருவரோ சேர்ந்தாலே போதும், உடம்பு வசப்படும். வளரியை மட்டும் ஆளில்லாத திடலில், பார்வையாளர் வருவதற்கு முன்பே வீசி முடித்துவிட வேண்டும்.

சிப்பாய் அப்படியில்லை. தனி ஒருவன் சிவப்புச் சட்டையில் நின்றால் கல்யாண வீட்டு பேண்டு வாத்தியக்காரனைப் போலத்தான் தெரிவான். குறைந்தது பன்னிரண்டு பேர் இரண்டு வரிசையாக நின்று, ஆங்கிலத்தில் கட்டளை வர, ஒரே அசைவில் கெட்டித்துக் குறி பார்க்கும்போதுதான் சங்கதி புரிகிறது. 1758 முதல் பட்டாளங்களாகத் திரட்டப்பட்ட அந்தச் சிப்பாய்களில் பலர் தமிழும் தெலுங்கும் பேசிய நம் ஊர்க்காரர்கள். சம்பளத்துக்காக நின்றவன், பஞ்சத்துக்குப் பயந்து சேர்ந்தவன், எதிர் வரிசையில் சொந்தக்காரனே நின்றாலும் சுடக் கட்டளை பெற்றவன். வெடிச் சத்தமே இல்லாமல் மரத் துப்பாக்கியோடு அந்த வரிசை முன்னேறினாலும் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். மீசை முறுக்கலில் அது வராது. என் ஓட்டு அந்தப் பக்கம் விழுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. மருதுவையும் மயிலப்பனையும் இன்று சாதிச் சங்கங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அவர்கள் வேடத்தில் யார் நடிப்பது, எந்தக் கொடியின் கீழ் என்பதிலேயே தகராறு வரும். பெயர் தெரியாத சிப்பாய்க்கு உரிமை கொண்டாட யாரும் வரமாட்டார்கள். எந்தப் பக்கம் எடுத்தாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளும் பசும்பொன்னில் தேவர் குருபூஜையும் வரும் அந்த வாரங்களில் மாவட்டத்தில் தடை உத்தரவு வழக்கம். அதை அடுத்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஜனவரியும் பிப்ரவரியும் தோதானவை.

இடம் பற்றி ஒரு வார்த்தை. தனுஷ்கோடி மணலில் சிவப்புச் சட்டை வரிசை நின்றால் புகைப்படம் அள்ளும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், கூப்பிடு தூரத்தில் இலங்கை எல்லை. நீளமாக எதையோ தோளில் சாய்த்துக்கொண்டு பத்துப் பேர் கடற்கரையில் நடந்தால் கேள்வி வராமல் இருக்காது. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் அங்கே இறங்கும் நினைப்பே வேண்டாம். உள்ளே தள்ளி ஏதாவது பள்ளித் திடலோ வறண்ட கண்மாயோ பார்த்து, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

பன்னிரண்டு பேர் சேரவில்லை, சிலம்பம் கற்க உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பவர்களுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது: 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைப் படைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசை மேல் தாயக்கட்டை உருட்டி 1772-ஐ நடத்துவது. உரிமம் வேண்டாம், வெயில் வேண்டாம், எவரிடமும் அனுமதி வேண்டாம். சேதுபதி படைக்கென்று அச்சு அசலான பொம்மைகளை மட்டும் கடையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மைசூர்ப் படைப் பொம்மைகளை வாங்கித் தலைப்பாகையைத் திருத்திக்கொள்ளலாம்.