இணைய ஏலத்தில் பழைய புல்லட் பைக்கா, யெஸ்டி ரோட்கிங் பைக்கா?

திருவொற்றியூர், இராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது புல்லட்தான். புல்லட்டைத் தயாரித்த, 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை இயங்கிய ஊர் திருவொற்றியூர். அந்த 346 சிசி எஞ்சினின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் இங்கே உண்டு. உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அது பழகிவிடும்.

மைசூரில் தயாரான ரோட்கிங் 250 சிசி, டூ ஸ்ட்ரோக். உதைத்துக் கிளப்பும் லீவரே கியர் லீவராக மாறும் அந்த அழகுக்கு ஈடில்லை! வால்வு இல்லாததால் பிரிப்பதும் எளிது. ஆனால் ஆலை 1996-இல் மூடப்பட்டது. கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் வளையமான கிராங்க் சீல் தேய்ந்தால் காற்று உள்ளே புகும். பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். ஏலப் படத்தில் இது தெரியவே தெரியாது. புல்லட்டின் எண்ணெய்க் கசிவாவது கண்ணில் படும். சைலன்சரும் ரோட்கிங்குக்கு இரண்டு; நம் கடற்காற்றில் துருப்பிடித்தால் செலவும் இரட்டிப்பு.

எதை வாங்கினாலும் எஞ்சின் எண், சேஸ் எண் இரண்டையும் அருகில் எடுத்த படம் கேளுங்கள். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடம் தெரிந்தால் விலகிவிடுங்கள். வெளிமாநில வண்டி என்றால், தடையின்மைச் சான்று (என்ஓசி) கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள்.