பாண்டியில் "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" டிரெக்கிங் சாமான் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இமயமலைப் பக்கம் நீண்ட நடைக்குக் கிளம்பும் திட்டத்தோடு பாண்டிச்சேரியில் சர்ப்ளஸ் கடைகளைச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோஜனமில்லை, இதே லாட் சரக்கு இன்னும் எத்தனை கடையில் தொங்குகிறதோ யாருக்குத் தெரியும்.

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். ஹர் கி துன் பள்ளத்தாக்குக்குப் போவதற்காக ஷூ, 60 லிட்டர் பை, அதற்கு மழை உறை, ஸ்லீப்பிங் பேக் எல்லாவற்றையும் அந்த ஒரே கடையில் வாங்கினேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். "ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சரக்கு சார், ஆர்டர் கேன்சல் ஆகி நின்னுடுச்சு. பாக்ஸ் பீஸ், கால்ல ஏறவே இல்ல. சென்னையில இந்த ஷூ மட்டும் பத்தாயிரம்" என்றார். அதில் பொய் இல்லாத ஒரே பகுதி கால்ல ஏறவே இல்லை என்பதுதான். ஏறாமல் எங்கே, எத்தனை வருஷம் கிடந்தது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

உத்தரகண்டில் சாங்க்ரி, அங்கிருந்து ஜீப்பில் தாலுகா என்கிற கிராமம், அப்புறம் சுபின் ஆற்றை ஒட்டியே நடை. காலையிலிருந்து தூறல். மத்தியானத்துக்கு மேல் வலது காலடியில் ஏதோ உருளுகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் அடி ரப்பர் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, ரப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெத்தையைக் காணோம். அது இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஈரத் தூள், விரல் பட்டால் தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்கிறது. தையல் விடவில்லை, பசை விடவில்லை, ரப்பரின் கட்டைகள்கூடத் தேயவில்லை, நடுவில் இருந்த பொருளே செத்துப்போயிருந்தது. வழிகாட்டிப் பையன் நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டான். அவன் போட்டிருந்தது ரப்பர் அடி வைத்த சாதாரணக் கேன்வாஸ் ஷூ, ஐந்நூறு ரூபாய்கூட இருக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஓடையைத் தாண்டும்போது என் இடது ஷூவும் போனது.

ஒஸ்லா கிராமத்தில் தங்கிய வீட்டுக்காரர் தன் மகனுடைய ரப்பர் ஷூவை விலைக்குக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அதற்கு மேல் ஏறுகிற உத்தேசம் எனக்கு இல்லை. கூட வந்தவர்கள் மேலே போனார்கள், ஸ்வர்கரோகிணி சிகரத்தை நான் அவர்கள் போனில்தான் பார்த்தேன்.

மழை உறையின் உள்பக்கப் பூச்சு பட்டை பட்டையாக உரிந்து பை மேல் ஒட்டிக்கொண்டது, உள்ளே துணியெல்லாம் நனைந்தது. ஸ்லீப்பிங் பேக்கில் "மைனஸ் 10" என்று எம்பிராய்டரி செய்திருக்கிறார்கள். ஒஸ்லாவில் அன்று ராத்திரி வெளியே வாளித் தண்ணீர்கூட உறையவில்லை, நான் ஜாக்கெட்டோடு உள்ளே புகுந்தும் பல் தந்தியடித்தது. தோளில் மாட்டும் 60 லிட்டர் பை மட்டும் ஒழுங்காக இருந்தது, அதையும் சொல்ல வேண்டுமே.

இது ஏன் நடந்தது என்று திரும்பி வந்து தேடியபோதுதான் முழுக் கதையும் புரிந்தது. மலையேற்ற ஷூக்களில் நிறைய வகைகளுக்கு அந்த நடு மெத்தை பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி அதன் மூலக்கூறு இணைப்புகளை உடைக்கும், ஹைட்ரோலிசிஸ் என்பார்கள். ஷூவைப் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். சொல்லப்போனால் போடாமல் பெட்டிக்குள்ளேயே புழுங்கவிட்டால்தான் இன்னும் மோசம். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தாலே ஐந்திலிருந்து பத்து வருஷம்தான் கணக்கு, சூடும் ஈரமும் சேர்ந்தால் அதைவிடக் குறையும். நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? கடலூரிலும் பாண்டியிலும் மே மாதம் தகரக் கூரை போட்ட குடோனுக்குள் ஒரு தரம் நுழைந்து பாருங்கள். மழை உறை, டென்ட் இவற்றின் உள்பக்கம் அடிக்கிற பூச்சும் பெரும்பாலும் இதே பாலியூரித்தேன்தான், அதற்கும் இதே கதிதான். ஆக, நம் கடற்கரையில் பல வருஷம் கிடந்த "புது" ஷூ என்பது புது ஷூ இல்லை.

ஊருக்கு வந்ததும் பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பக்கவாட்டில் 2024 என்று போட்ட வெள்ளை ஸ்டிக்கர். மூலையை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொன்று, அதில் 2014. ஷூ நாக்கின், அதாவது கயிறு கட்டும் இடத்துக்கு அடியில் இருக்கிற மடலின், உள்பக்கம் தைத்திருந்த குட்டித் துணி லேபிளிலும் சின்ன எழுத்தில் அதே 2014. மேலே ஒட்டியவருக்கு நாக்கை மடித்துப் பார்க்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோனேன். முதலில் "மலை ஏறினா கிழியத்தான் சார் செய்யும்" என்றார். மலை ஏறுவதற்குத்தானே ஐயா விற்றீர்கள் என்றேன். "தண்ணியில போட்டிருப்பீங்க" என்றார். இரண்டு ஸ்டிக்கரையும் காட்டியதும் குரல் இறங்கியது. "விடுங்க சார், வேற ஜோடி எடுத்துக்கங்க" என்று அதே அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். மெத்தைப் பக்கவாட்டைக் கட்டை விரலால் அழுத்தினேன், அவர் கண்ணெதிரிலேயே முடி முடியாக விரிசல் ஓடியது. அதற்கப்புறம் பில்லைத் திருப்பிக் காட்டி, விற்ற பொருள் வாபஸ் கிடையாது என்று அடித்திருப்பதைப் படிக்கச் சொன்னார். பில் என்றால் ஜிஎஸ்டி எண்கூட இல்லாத துண்டுச் சீட்டு.

வாங்குகிற இடத்திலேயே செய்ய முடிந்த சோதனைகளைச் சொல்கிறேன். ஷூ என்றால் நாக்கு லேபிளைத் தேடிப் பாருங்கள், மெத்தையை நான் அழுத்திய மாதிரி அழுத்துங்கள், பிறகு முன்பாதியைப் பலமாக மடக்குங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மழை உறை, டென்ட் துணியை உள்பக்கம் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினாலோ முகர்ந்தால் புளித்த வாடை அடித்தாலோ வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உறையைக் குழிவாக வைத்து அரை வாளித் தண்ணீர் ஊற்றித் துணிக்கொடியில் தொங்கவிடுங்கள், விடிய விடிய இருக்கட்டும், ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும். ஷூவும் பையும் முழு எடையோடு செஞ்சி ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கட்டும். ஆனால் ஒன்று, பத்து வருஷச் சரக்கு ஒரு நாள் செஞ்சியைத் தாண்டிவிட்டு மூன்றாம் நாள் மலையில் உதிரலாம், அதனால் தேதி தெரியாத ஷூவை எந்தச் சோதனையில் தேறினாலும் நான் இனித் தொடமாட்டேன். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், மாதம், வருடம், எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஸ்லீப்பிங் பேக்கில் வெறும் "மைனஸ் 10" என்று இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. ஸ்லீப்பிங் பேக்குக்கான சர்வதேசத் தர முறையான ஐஎஸ்ஓ 23537 படி சோதித்ததில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று தனித்தனி எண்கள் இருக்கும். எக்ஸ்ட்ரீம் எண் உயிர் பிழைப்பதற்கான கணக்கு, தூங்குவதற்கானது இல்லை. நாம் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட். என்னுடையது செயற்கைப் பஞ்சு, எடை ஒரு கிலோகூட இல்லை. அந்த எடையில் செயற்கைப் பஞ்சு மைனஸ் பத்துக்குத் தாங்காது.

சரி, பணத்துக்கு என்ன வழி? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம். 30 நாள் தாண்டிவிட்டாலும் குறையுள்ள பொருளுக்காக 2 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கடை பாண்டியில், வீடு கடலூரில், மாநிலமே வேறு ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் பதிந்தேன், அவர்கள் கடைக்கு அனுப்பியதற்கு இதுவரை பதில் வரவில்லை, அடுத்தது நுகர்வோர் வழக்கை ஆன்லைனில் பதியும் இ-ஜாக்ரிதி தளத்தில் வழக்குத்தான்.

இந்த மாதிரிக் கடையில் ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே பெட்டி ஸ்டிக்கரையும் நாக்கு லேபிளையும் போட்டோ எடுத்துவிடுங்கள், கடைக்காரரிடம் காட்டப் போவதற்கு முன்னாலேயே. துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், ஜிபேயில் பணம் போன ஸ்கிரீன்ஷாட்டும் அதோடு இருக்கட்டும். உதிர்ந்த தூளைக்கூட ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் கேட்கலாம்.